சிலிண்டர் பவர் இருந்தது, ஸ்மைல் செய்துகொண்டேன்

சென்னிமலைப் பக்கம் என் ஊர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். கண்ணாடி பவரைப் போக்க ஸ்மைல் என்கிற லேசர் கண் ஆபரேஷன் செய்து ஏழு மாதம் ஆகிறது. நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீங்க, அதனால் ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. இரண்டு கண்ணிலும் மைனஸ் நாலரை, அதற்கு மேல் ஒன்றரை சிலிண்டர், அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் வரும் பவர். சிலிண்டர் இருக்கிறவங்களுக்குத் தெரியும், ராத்திரி ஊத்துக்குளி ரோட்டில் எதிரே வரும் லாரி வெளிச்சம் புள்ளியாக இருக்காது, நூல் இழுத்த மாதிரி நீண்டு வரும். பகலில் அயர்ன் டேபிள் பக்கம் போனால் ஆவி அடித்துக் கண்ணாடி வெளுத்துவிடும், துடைத்துப் போடுவதற்குள் நாலு பீஸ் கடந்து போயிருக்கும். துணியில் ஓட்டையும் நூல் விட்ட கோடும் பார்க்கிற வேலையில் இருந்துகொண்டு இதை எத்தனை வருஷம் ஓட்டுவது? அதனால் ஆபரேஷன் செலவுக்குச் சீட்டுப் பணம் எடுத்தேன்.

முதலில் போன இடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டுதான் போனேன். கழற்றச் சொல்லி அரை மணி நேரத்தில் எல்லா டெஸ்டும் எடுத்து, நாளைக்கே வாங்க, இந்த வாரம் மட்டும் சலுகை என்றார்கள். எனக்கும் சந்தோஷம்தான். என் அக்கா நர்ஸ், அவள்தான் "லென்ஸ் போட்டு எத்தனை நாளாச்சுன்னு கேட்டாங்களாடா கண்ணு?" என்றாள். கேட்கவே இல்லை. லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் வடிவத்தையே கொஞ்சம் மாற்றி வைத்திருக்கும், அந்த அளவை வைத்து லேசர் அடித்தால் பவர் எப்படிச் சரியாக வரும்?

அப்புறம் கோயமுத்தூரில் வேறு ஆஸ்பத்திரி. இரண்டு வாரம் லென்ஸைத் தொடாமல் வாங்க என்று திருப்பி அனுப்பினார்கள், அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. கருவிழியின் தடிமன், வளைவு எல்லாம் ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு பவரைக் குறைக்க கருவிழியில் ஏறக்குறைய 15 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்) திசு போகும், போனது போக அடியில் போதுமான அளவு மிச்சம் இருக்க வேண்டும் என்று டாக்டர் பேப்பரில் கூட்டிக் கழித்துக் காட்டினார். மருந்து விட்டுக் கண்ணைப் பெரிதாக்கி விழித்திரையையும் பார்த்தார்கள். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு விழித்திரை மெலிந்து ஓட்டை இருக்க வாய்ப்புண்டாம், லேசரில் கண்ணாடி போனாலும் அந்த ஆபத்து போகாதாம். இதை எனக்கு முன்னாடி யாரும் சொன்னதில்லை.

சிலிண்டர் இருந்தால் ஸ்மைல் கிடையாது என்று ஊரில் சொன்னாங்க. அமெரிக்காவில் 2016இல் முதலில் கிட்டப்பார்வைக்குத்தான் அனுமதி கொடுத்தார்கள், சிலிண்டருக்கு 2018இல்தான் வந்தது, அதனால் வந்த பேச்சாக இருக்கலாம். லாசிக் என்கிற இன்னொரு லேசர் முறையில் கருவிழியின் மேல் மூடி மாதிரி வட்டமாக வெட்டித் திறப்பார்கள். இதில் மூடி கிடையாது. உள்ளுக்குள்ளேயே லேசர் ஒரு மெல்லிய வில்லையை வெட்டிவிடும், 2 முதல் 4 மில்லிமீட்டர் வெட்டு வழியாக டாக்டர் அதை உருவி எடுப்பார். தையல் இல்லை.

அன்றைக்கு என்னை உட்காரவைத்து முதலில் கண்ணில் மையால் சின்னதாகக் குறி வைத்தார்கள். படுத்தால் கண் லேசாகச் சுழலும், சிலிண்டரின் கோணம் மாறிவிடும், அதற்காகத்தான். மரத்துப்போகச் சொட்டு மருந்து, இமைக்குக் கிளிப், மேலே பச்சை விளக்கு மினுக்கும். கருவி கண்ணில் வந்து ஒட்டியதும் அந்தப் பச்சை மெல்ல மெல்ல மங்கி, கடைசியில் பால் மாதிரி ஆகிவிட்டது. ஒரு கண்ணுக்கு அரை நிமிஷம்தான். அந்த அரை நிமிஷம் கண்ணை ஆட்டவே கூடாது, பிடிப்பு விட்டுப்போனால் நிறுத்த வேண்டி வரும். வலி இல்லை. வில்லையை உருவும்போது ஒரு அழுத்தம், அவ்வளவுதான்.

சாயங்காலம் வரை எரிச்சல், கண்ணில் தண்ணீர். மறுநாள் காலையில் மொட்டை மாடி ஏறினேன். மலை மேல் கோயில் கோபுரம், அதுக்குக் கீழே வண்டிப் பாதையின் வளைவு, அதில் ஒரு பஸ் திரும்புவது. கை தானாகக் காதோரம் கண்ணாடியைத் தேடியது. அம்மா பக்கத்தில் நின்று என்ன சாமி, தெரியுதா என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு சகோதரி:

அண்ணா, படிச்சதும் நானும் எழுதணும்னு தோணுச்சு. எனக்கு முடியாதுன்னு சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை வீட்டில் கண்ணாடி பற்றிப் பேச்சு வந்ததால்தான் டெஸ்டுக்கே போனேன். ஸ்கேனில் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி துருத்த ஆரம்பித்திருப்பது தெரிந்தது, கெரட்டோகோனஸ். இதில் லேசர் செய்தால் இன்னும் மோசமாகும் என்றார் டாக்டர். வீட்டுக்குப் பக்கத்தில் நார் மில், சின்ன வயதிலிருந்தே தூசியும் அரிப்பும், கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பேன். கசக்குவதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டாம். இப்போது மருந்து விட்டு ஒளி பாய்ச்சிக் கருவிழியை உறுதியாக்கும் கிராஸ் லிங்கிங் செய்து அது மேலும் வளராமல் நிறுத்தியிருக்கிறார்கள். கண்ணாடி போகவில்லை, ஆனால் கண் தப்பித்தது. பிள்ளைகள் கண்ணைக் கசக்கினால் விடாதீங்க, அரிப்புக்கு மருந்து இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா:

ஏனுங்க தம்பி, என் பையனுக்கு 17 வயசு. காலேஜ் சேருவதற்குள் செய்துவிடலாமா? அப்புறம் நாற்பதுக்கு மேல் கண்ணாடியே வேண்டியதில்லையா?

சென்னிமலை:

இல்லைங்க அக்கா, இப்போது அவசரப்பட வேண்டாம். 18 தாண்டி, பவர் ஒரு வருஷமாவது ஏறாமல் நின்ற பிறகுதான் செய்வார்கள். அந்த வயதில் பவர் ஏறிக்கொண்டே இருக்கும், செய்தாலும் மறுபடி கண்ணாடி வந்துவிடும். நாற்பதுக்கு மேல் வரும் படிக்கிற கண்ணாடியை இது தடுக்காதுங்க.

தங்கச்சி, நீங்க எழுதியதை நர்ஸாக இருக்கிற என் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். முதல் இடத்தில் நானும் மறுநாளே படுத்திருப்பேன்.

பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவங்களுக்கு ஒன்று மட்டும். கண் வறட்சி எனக்கு நாலு மாதம் இருந்தது. நிட்டிங் செக்‌ஷனுக்குள் போனால் மணல் விழுந்த மாதிரி உறுத்தும், இப்போதும் ஏசியில் மதியத்துக்கு மேல் கொஞ்சம் உண்டு. சொட்டு மருந்து சட்டைப் பையிலேயே இருக்கிறது. செய்வதென்றால் ஆர்டர் நெருக்கடி இல்லாத மாதமாகப் பார்த்து, பத்து நாள் லீவு சொல்லிவிட்டுச் செய்யுங்க.