மூன்று வயதுப் பிள்ளையோடு கழியும் சாதாரணப் பொழுதுகளை எப்படிச் சேர்த்து வைப்பது?

அப்புவின் அப்பா:
பையனுக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில்தான், செருப்பைத் தானே போட்டுக்கொள்வேன் என்று வாசற்படியில் உட்காருவான். வலது காலில் இடது செருப்பு. வாரைப் பிடித்து இழுக்கும்போது நாக்கு நுனி வெளியே வந்து ஓரமாக ஒதுங்கி நிற்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும், நேரம்தான் இருக்காது. போன் நிறைய அவன் படங்கள். எல்லாவற்றிலும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான், அந்த நாக்கு ஒன்றில்கூட இல்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? வளர்ந்த பிறகு அவனுக்கு இதெல்லாம் நினைவிருக்குமா?

கொடிமல்லி:
ஒரு நோட்டு போடுங்கள். தேதி, அவன் சொன்ன ஒரு வரி, அவ்வளவு போதும். அழகாக எழுத நினைத்தால் எழுதவே மாட்டீர்கள். அப்புறம், குரலையும் பதிவு செய்து வையுங்கள். மழலை போவது தெரியாமல் போய்விடும்.

ரெண்டு பொண்ணுங்க அம்மா:
நினைவிருக்குமா என்று கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நானும் இதைத் தேடித் தேடிப் படித்தவள். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய எதுவும் நினைவில் இருப்பதில்லை. ஆனால் அந்த மறதி உடனே வருவதில்லை. பேட்ரிசியா பாவரும் மரீனா லார்கினாவும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதில் நடந்தவற்றில் 60 சதவீதத்துக்கும் மேல் ஐந்திலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகள் நினைவு வைத்திருந்தார்கள். எட்டு, ஒன்பது வயதில் அது 40-க்கும் கீழே போய்விட்டது. ஆக, இன்று நடப்பது உங்கள் மகனிடம் இன்னும் சில வருடம் இருக்கும். அந்தக் காலத்தில் அதைப் பற்றி அவனோடு பேசுங்கள். "யார் இருந்தாங்க? அப்புறம் என்ன ஆச்சு?" என்று பெற்றோர் கேட்டுக் கேட்டுப் பேசும் பிள்ளைகள் நடந்ததை விரிவாக நினைவு வைக்கிறார்கள் என்பதை ராபின் ஃபைவுஷ், எலெய்ன் ரீஸ் போன்றவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

என் சின்னவளுக்குச் சட்டை மாட்டும்போது பாதியில் நின்றுவிடுவாள். தலை உள்ளே, கை இரண்டும் மேலே. அவள் மூச்சுக்கு வாய்க்கு நேரே துணி குழிந்து குழிந்து எழும். உள்ளிருந்து "நான் எங்க?" என்பாள். தலையணைக்கு அடியில், கதவுக்குப் பின்னால் எல்லாம் நான் சத்தமாகத் தேட வேண்டும். இரவு விளக்கணைத்ததும், "சட்டைக்குள்ள யாரு இருந்தா?" என்று கேட்பேன். "பூனை" என்பாள். அந்தப் பூனை எதற்கு வந்தது, எப்படி வெளியே போனது என்று தூங்கும்வரை கதை ஓடும். இதற்கென்று நான் தனியாக நேரம் ஒதுக்கியதே இல்லை. குளிப்பாட்டுவது, துணி மாட்டுவது, தலை வாருவது, இவற்றைத் தாண்டித் தனியாக ஒரு நல்ல நேரம் வரும் என்று காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். முடிந்தால் பத்து நிமிடம் முன்னதாகவே வாசலுக்கு வந்துவிடுங்கள். செருப்பு அவன் பாடு.

படம் பற்றி ஒன்று. லிண்டா ஹென்கெல் அருங்காட்சியகத்தில் நடத்திய சோதனையில், படம் எடுத்தவர்களைவிட வெறுமனே பார்த்தவர்களுக்குத்தான் பொருட்கள் நன்றாக நினைவிருந்தன. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தபோது அந்தக் குறை இல்லை. அதனால் அவனைக் கூப்பிட்டுச் சிரிக்கச் சொல்லாமல், வாரைப் பிடித்திருக்கும் விரலை எடுங்கள். நாக்கை எடுங்கள்.

தாத்தா 68:
தம்பி, எல்லாப் பொழுதையும் ரசித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. காய்ச்சலில் விடிய விடிய அழும் இரவைக் கடந்தால் போதும். அதை ரசிக்கவில்லையே என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

அப்புவின் அப்பா:
எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். நான் திரும்பத் திரும்பச் சொல்லி அவன் நினைவில் நின்றால், அது அவனுடைய நினைவா, என்னுடையதா?

ரெண்டு பொண்ணுங்க அம்மா:
இரண்டும் கலந்துதான் இருக்கும். அதனால்தான் நான் சொல்வதைக் குறைத்துக்கொண்டு கேட்பதை அதிகமாக்கினேன். அவன் வேறு மாதிரிச் சொன்னால் திருத்தாதீர்கள். நோட்டில் ஒரு பக்கம் நீங்கள் பார்த்தது, எதிர்ப்பக்கம் அவன் சொன்னது என்று எழுதிவிடுங்கள்.