துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்த இரவு

தோட்ட வீட்டில் வயதான பெற்றோர் தனியாக இருக்கிறார்கள், துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போடலாமா, பெப்பர் ஸ்பிரே போதுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. நடந்ததைச் சொல்கிறேன்.

ஊத்துக்கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, வயலுக்கு நடுவே எங்கள் வீடு. நாலு எட்டு வைத்தால் ஆந்திரா. அடுத்த வீட்டுக்குக் கேட்க வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

நைனா துப்பாக்கி வாங்கியது 2005-க்கு அப்புறம். அந்த வருடம் ஜனவரியில் பெரியபாளையம் பக்கம் தானாக்குளத்தில், கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தை வீடு புகுந்து சுட்டுக் கொன்றார்கள். லாரியில் வந்து கொள்ளையடித்த வடநாட்டுக் கும்பல். எம்.எல்.ஏ. வீட்டுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம் என்று எங்கள் பக்கம் ரொம்ப நாள் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. நைனா நடையாய் நடந்து, 12 போர் ஒற்றைக்குழல் ஒன்றுக்கு லைசென்ஸ் வாங்கினார். அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கி, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக்கொண்டதைத் தவிர வேறு வேலை எதுவும் பார்த்ததில்லை.

2024 மே மாதம். அக்னி நட்சத்திரம், கரண்ட் வேறு வந்து வந்து போகிறது. நான் லீவில் வந்திருந்தேன். ராத்திரி இரண்டு மணி இருக்கும், பின்கட்டில் தாழ்ப்பாளை நெம்பும் சத்தம். நைனா எழுந்து பழக்கதோஷத்தில் பீரோவைத் திறந்தார். உள்ளே வேட்டிதான் இருந்தது. நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்ததுமே துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தாகிவிட்டது. எங்களுக்கு ஏப்ரல் 19-ம் தேதியே ஓட்டுப் போட்டு முடிந்தாலும், ஜூன் 4-ம் தேதி எண்ணி முடிக்கும்வரை அது திரும்ப வராது. லைசென்ஸ் வாங்க நினைப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே கதைதான்.

என் பையில் மனைவிக்கு வாங்கிய ஸ்பிரே இருந்தது. அவள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது வைத்துக்கொள்ளட்டும் என்று வாங்கியது. பெயர்தான் பெப்பர், உள்ளே இருப்பது மிளகு இல்லை, மிளகாய்ச் சத்து. பின்கதவு திறந்து ஒரு உருவம் நடைக்குள் வந்ததும், டார்ச்சை முகத்தில் அடித்து ஸ்பிரேயையும் அடித்தேன். அவன் “அம்மா” என்று அலறிவிட்டு வந்த வழியே ஓடினான். மதிலில் ஏறும்போது மேலே பதித்திருந்த கண்ணாடி நன்றாகக் கிழித்திருக்க வேண்டும். காலையில் பார்த்தால் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது, ஒரு செருப்பும் கிடந்தது.

இதுவரை வெற்றிக் கதை மாதிரித்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. நடையில் இருந்த டேபிள் ஃபேன் சுற்ற ஆரம்பித்து, நான் அடித்த அத்தனையையும் வாரி அம்மா படுத்திருந்த அறைக்குள் போட்டது. அம்மாவுக்கு ஏற்கெனவே இளைப்பு. திருடன் இரண்டே நிமிடத்தில் போய்விட்டான், அம்மா விடிய விடிய மூச்சுக்குத் திணறினாள். 2014 பிப்ரவரியில் தெலங்கானா மசோதா அன்று மக்களவைக்குள் ஆந்திர எம்.பி. ஒருவர் இதே ஸ்பிரேயை அடித்தது நினைவிருக்கிறதா? அவ்வளவு பெரிய சபையிலேயே உறுப்பினர்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள், சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் நடை ஆறடி அகலம்.

நான் 100-க்கு அடித்தேன். எல்லையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், போன் எந்த டவரைப் பிடிக்கும் என்பது அதன் இஷ்டம். “செப்பண்டி” என்றது குரல். எனக்குத் தெலுங்கு வரும் என்பதால் தப்பித்தேன். ஆனால் ஊர் பேரைச் சொன்னதும், அது தமிழ்நாடு, அங்கே சொல்லுங்கள் என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் ஸ்டேஷன் நம்பரைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறோம். அம்மாவை பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோய் நெபுலைசர் வைத்தோம்.

நைனாவுக்கு ஆறவே இல்லை. “குண்டூரு மொளகாய டப்பால அடைச்சுப் பெத்தவ மேலயே அடிச்சிருக்க. துப்பாக்கி மட்டும் இருந்திருந்தா...” என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அவருக்கு அப்போது 73 வயது, ஒரு கண்ணில் புரை. இரண்டரை அடிக் குழலை அந்த நடையில் திருப்பவே முடியாது. தோட்டா வேறு அறையில், பூட்டிய பெட்டியில். அதை எடுத்துப் போட்டுத் திரும்புவதற்குள் அவன் மதிலில் ஏறியிருப்பான், குண்டு முதுகில்தான் பாய்ந்திருக்கும்.

புகார் எழுதிக் கொடுக்கப் போனபோது எஸ்.ஐ. இதைத்தான் சொன்னார். ராத்திரியில் பூட்டை உடைத்து வீட்டுக்குள் வருகிறவனை எதிர்க்கும்போது உயிரே போனாலும் சட்டம் தற்காப்பு என்று ஏற்கும். அப்போது அது இந்தியத் தண்டனைச் சட்டம் 103-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 41. ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடி கூடக் கூடாது என்று பழையதில் 99, புதியதில் 37 சொல்கிறது. கையில் ஒன்றும் இல்லாமல் ஓடுகிறவனைச் சுட்டால் அது என்ன தற்காப்பு?

ஒரு வாரம் கழித்து டீக்கடையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபது வயதுகூட இருக்காது. எங்கள் நிலத்தில் நடவுக்கு வருகிறவளின் மகன். உள்ளங்கையில் பெரிய கட்டு. நைனா அவனைப் பார்த்தார், அவனும் பார்த்தான். இருவரும் அவரவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நைனா துப்பாக்கிப் பேச்சையே எடுக்கவில்லை, ஒரு மாதத்துக்கு.

ஸ்பிரே வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பனி போலப் பரவுவதை வீட்டுக்குள் அடிக்காதீர்கள். பீய்ச்சி அடிக்கிற வகையும் ஜெல் வகையும் கிடைக்கின்றன, அவை அவ்வளவு பரவாது. காலாவதித் தேதியையும் பாருங்கள், பழசானால் டப்பாவில் அழுத்தம் போய்விடும். மேலே பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. காற்றோட்டத்துக்கு வந்து கண்ணை நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும், தோலுக்குச் சோப்புப் போட வேண்டும். மிளகாய் நறுக்கிய கை வெறும் தண்ணீருக்கு மசியாது என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.

*

சத்தியவேடு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். துப்பாக்கி, ஸ்பிரே இரண்டையும் விட மோசமான ஒன்றை எங்கள் ஊரில் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள். மோட்டார் ஷெட்டிலிருந்து கட்டுக்கம்பி இழுத்து வேலிக்கு நேரடியாகக் கரண்ட் கொடுப்பது. கேட்டால் பன்றிக்கு என்பார்கள், மோட்டார் ஒயர் திருடுகிறவனும் பயப்படுவான் என்பார்கள். என் மாமனாரும் வேர்க்கடலைக்கு அப்படித்தான் கட்டினார். செத்தது எங்கள் சினைப்பசு. அதை இழுக்கப் போன கொழுந்தனாரை என் வீட்டுக்காரர் கட்டையால் தட்டிவிட்டார், இல்லையென்றால் அவரும் போயிருப்பார். 230 வோல்ட் பிடித்தால் கை தானாக இறுகிவிடும், விட நினைத்தாலும் விட முடியாது. சோலார் வேலியில் வோல்ட் அதிகம்தான். ஆனால் ஷாக் ஒரு துளி நேரம், அப்புறம் ஒரு நொடி இடைவெளி. அந்த இடைவெளியில் ஆளும் மாடும் விலகிவிடலாம். துப்பாக்கி பிடித்தவனாவது சுடுவதற்கு முன்னால் யார் என்று பார்ப்பான். கம்பி யாரைப் பார்க்கும்? மாமனாரிடம் இதைச் சொன்னால் இன்றைக்கும் பசு போன கதையை மட்டும்தான் பேசுவார்.

*

நாகலாபுரம் ரோட்டில் எனக்கு ஒரு மாந்தோப்பு. ஏர்கன் வைத்திருக்கிறேன். குழல் 4.5 மில்லிமீட்டர், சுடும் வேகத்தின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத ரகம், அதனால் லைசென்ஸ் தேவையில்லை. ஒரு ராத்திரி சும்மா மிரட்டலாம் என்று நீட்டினேன். எதிரில் இருந்தவன் இருட்டில் அதை நிஜத் துப்பாக்கி என்றே நினைத்து அரிவாளை ஓங்கிவிட்டான். மாங்காய் திருட வந்தவன், கொத்து அறுக்கிற அரிவாள். நல்லவேளை ஓங்கியதோடு போனான். ஏர்கன் ஆளை நிறுத்தாது, கண்ணைக் கெடுக்கும், எதிராளியை வெறியாக்கும். இப்போது பரணில் கிடக்கிறது. பத்து கினிக்கோழியும் ஆள் நடமாட்டத்துக்கு எரிகிற விளக்கு இரண்டும் வைத்திருக்கிறேன். பூனை போனால்கூடக் கினிக்கோழி ஊரையே எழுப்பும். என்னையும்தான்.

*

முதலில் எழுதியவன்தான். அந்தத் துப்பாக்கி இப்போது எங்கே என்று கேட்டிருந்தீர்கள். பீரோவில்தான். 70 வயது தாண்டியவர் வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது என்று யாரோ சொல்ல, நைனா என் பெயருக்கு மாற்று என்று பிடிவாதமாக நிற்கிறார். பாதி நிரப்பிய மனு என் பையில் இருக்கிறது. ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்று போனில் கேட்கிறபோதெல்லாம், பயிற்சிச் சான்றிதழ் வரவில்லை என்று சொல்லிவைக்கிறேன். பயிற்சிக்கே நான் இன்னும் போகவில்லை.