உதவிக் குழுவில் உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கலாமா?

மாலைவெயில் (கேள்வி):

குடிநோயிலிருந்து மீண்டு வருவோருக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்குமான இணையவழி உதவிக் குழு ஒன்றை ஐந்து ஆண்டுகளாக நடத்திவரும் மூவரில் நானும் ஒருத்தி. உறுப்பினர்கள் ஏறத்தாழ 400 பேர். பெரும்பாலோர் புனைபெயரில்தான் எழுதுகிறார்கள். அதனால் இதுவரை பெரிய தொல்லை எதுவும் வந்ததில்லை.

சென்ற மாதம் ஓர் உறுப்பினர், பதினொரு மாதங்கள் மதுவைத் தொடாமலிருந்துவிட்டு ஒரே இரவில் சறுக்கிவிட்டதாக எழுதியிருந்தார். ஒரு மணி நேரத்துக்குள், அன்றுதான் தொடங்கப்பட்ட இரண்டு கணக்குகளிலிருந்து பதில்கள் வந்தன. ஒன்று அவரை எள்ளி நகையாடியது. மற்றொன்றில் ஒரே ஒரு வரி: "நீ எங்கே வேலை பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும்." நாங்கள் பார்த்து நீக்குவதற்குள் அவர் தம் பதிவுகள் அனைத்தையும் அழித்துவிட்டு வெளியேறிவிட்டார். என் மின்னஞ்சல்களுக்கு இன்றுவரை பதில் இல்லை.

இனிமேல் எல்லாரும் அரசு அடையாள அட்டையின் படத்தை அனுப்பி, உண்மைப் பெயரில்தான் எழுத வேண்டும் என்கிறார் உடன் நடத்துபவர்களில் ஒருவர். அப்படிச் செய்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்கிறார் மற்றவர். முகத்தை மறைத்துக்கொண்டு கல்லெறிய இனி ஒருவருக்கும் இடம் கொடுக்கக் கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது. இதில் அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

வழிப்போக்கர்:

உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. ஆனால் நோய் ஒன்றிருக்க மருந்தை வேறொன்றுக்குக் கொடுப்பதாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பெயரே இல்லாமல் எழுதுவதும் புனைபெயரில் எழுதுவதும் ஒன்றல்ல. ஒரே புனைபெயரில் ஆண்டுக்கணக்கில் எழுதிவரும் ஒருவருக்கு அந்தப் பெயரே முகம். அதற்கென்று ஒரு மதிப்பு சேர்ந்திருக்கிறது, அது கெட்டுவிடக் கூடாதே என்ற கவலையும் கூடவே இருக்கிறது. சங்கப் புலவர் செம்புலப்பெயல்நீராரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. பாட்டில் ஆண்ட உவமையே அவருக்குப் பெயராகி நிலைத்துவிட்டது. எழுதியதே எழுதியவருக்கு அடையாளமாவது நமக்குப் புதிதன்று. உங்கள் உறுப்பினரைத் தாக்கிய இரண்டு கணக்குகளுக்கோ வயது ஒரு நாள். இழப்பதற்கு அவற்றிடம் எதுவுமே இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் எண்ணுவதைத் தென்கொரியா சட்டமாகவே செய்து பார்த்தது. பெரிய இணையதளங்களில் கருத்து எழுதுவோர் தம் அடையாளத்தை உறுதிசெய்தாக வேண்டும் என்று 2007-இல் விதித்து, 2009-இல், நாளொன்றுக்கு 1,00,000 பேருக்கு மேல் வந்துபோகும் தளங்களுக்கும் அதை விரிவாக்கினார்கள். 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்டு ஆகிய தளங்களுக்குள் ஊடுருவியவர்கள் ஏறத்தாழ 3.5 கோடிப் பயனர்களின் விவரங்களைத் திருடிச் சென்றார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது; சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததற்குச் சான்று இல்லை என்பதும் அது சொன்ன காரணங்களுள் ஒன்று. அவ்வளவு பெரிய நிறுவனமே காக்க முடியாமற்போனதை நீங்கள் மூவரும் ஒரு மின்னஞ்சல் பெட்டியில் வைத்து எப்படிக் காப்பீர்கள்? 400 பேருடைய அடையாள அட்டைகளும், அவர்கள் எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்ற செய்தியும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும் என்பதை எண்ணிப்பாருங்கள்.

சொந்தப் பெயர் நாவை அடக்கும் என்பதும் உறுதியில்லை. ஜெர்மானிய இணைய மனுத் தளம் ஒன்றின் கருத்துகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், பெயரை மறைத்தவர்களைவிட வெளிப்படையாகப் பெயரிட்டவர்களே கடுமையாக எழுதியிருந்தது தெரியவந்தது. நியாயம் தம் பக்கம் என்று நம்புகிறவருக்குப் பெயரை மறைக்கத் தோன்றுவதில்லை போலும்.

எட்டாம்நாள்:

நான் குடியை நிறுத்திய எட்டாம் நாள் இரவு, உங்களுடையதைப் போன்ற ஒரு குழுவில் சேர்ந்தேன். வீட்டில் எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். திரையின் வெளிச்சம் வெளியே தெரியாதபடி கைப்பேசியைப் போர்வைக்குள் வைத்திருந்தேன். பெயர் கேட்ட கட்டத்தில் என் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினேன், அழித்தேன், மீண்டும் தட்டினேன், மீண்டும் அழித்தேன். கடைசியில் 'எட்டாம்நாள்' என்று எழுதினேன். அப்போது அடையாள அட்டை கேட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடியிருப்பேன்; மறுநாள் என்ன செய்திருப்பேன் என்பதை எண்ணிப்பார்க்க எனக்கு இன்றும் மனம் வரவில்லை. ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. மருத்துவரிடம் பாதியாகவும் மனைவியிடம் அறவே சொல்லாமலும் வைத்திருந்ததை அந்தப் பெயரில்தான் முதன்முதலாக முழுதும் சொன்னேன். அங்கே சொல்லிப் பழகிய பிறகுதான் மனைவியிடம் சொல்ல வாய் வந்தது.

ஒன்றை யோசியுங்கள், சகோதரி. எள்ளி எழுதிய பதிலைத் தாங்கிக்கொள்ளலாம். எங்களைப் போன்றவர்கள் அதைவிட அதிகம் கேட்டிருக்கிறோம். அந்த ஒற்றை வரிதான் அவரை விரட்டியிருக்கும், ஏனென்றால் அது புனைபெயரைத் தாண்டிப் போய் அவருடைய வேலையையும் வாழ்க்கையையும் தொட்டது. அவருக்கு மறைவாக இருந்த திரையை விலக்குவேன் என்பதுதான் அந்த மிரட்டல். எல்லாரும் உண்மைப் பெயரில் எழுத வேண்டும் என்று நீங்கள் விதித்தால், ஒருவருக்குச் செய்யப்போவதாக அவன் மிரட்டியதை நீங்களே 400 பேருக்கும் செய்துவிடுவீர்கள்.

நெய்தல்:

மேலே எழுதிய இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் அடிபட்டவர் பக்கத்திலிருந்து ஒருவர் பேச வேண்டும்.

ஏழு மாதங்கள் எனக்குப் பெயரில்லாத கணக்குகளிலிருந்து செய்திகள் வந்தன. ஒன்றைத் தடுத்தால் மாலைக்குள் வேறொன்று முளைக்கும். நான் அன்று உடுத்தியிருந்த நிறம்கூட அவற்றில் எழுதப்பட்டிருக்கும். பேருந்தில், அலுவலகத்தில், மாடிப்படியில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு முகத்தையும் 'இவராக இருக்குமோ' என்று பார்த்துப் பார்த்து, மனிதர்கள் மீதிருந்த நம்பிக்கையே எனக்குப் போய்விட்டது. முடிவில் காவல்துறை வழியாகத் தளத்தின் பதிவேடுகளைப் பெற்றபோதுதான் தெரிந்தது: அவர் என்னோடு தினமும் மதிய உணவு உண்டவர். எட்டாம்நாள் அவர்களுக்கு மனம் திறக்கத் துணிவு தந்த அதே மறைவுதான் அவருக்கும் துணிவு தந்தது. திரைக்குப் பின்னால் மனிதரிடம் உண்டாகும் இந்தத் தளர்வைப் பற்றி 2004-இல் எழுதிய உளவியலாளர் ஜான் சூலர், அதில் நன்மையும் உண்டு, நஞ்சும் உண்டு என்றுதான் சொன்னார்.

எனவே அட்டை வேண்டாம் என்பதை ஏற்கிறேன். எந்தத் தடயமும் வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். மாலைவெயில் அவர்களே, அந்தப் பதில்களை நீக்கினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீக்கும் முன் படியெடுத்தீர்களா? கணக்கின் பெயர், நாள், நேரம், பக்கத்தின் முழு முகவரி ஆகியவற்றோடு திரையைப் படமாகப் பிடித்து வைத்துக்கொண்டு அதன்பின் நீக்க வேண்டும். எந்த இணைய இணைப்பு முகவரியிலிருந்து (ஐ.பி.) யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவேட்டைச் சில மாதங்களாவது வைத்திருங்கள். நான் முதல் இரண்டு மாதச் செய்திகளை அருவருப்பால் அழித்துவிட்டேன். பின்னால் அவற்றைத்தான் முதலில் கேட்டார்கள்.

பொறியாளன்:

ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். புனைபெயர் போதும் என்று உங்கள் உறுப்பினர்கள் நம்பிக்கொண்டிருந்தால் அதையும் திருத்துங்கள். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பயனர்களின் தேடல் பதிவுகளைப் பெயருக்குப் பதில் எண்ணிட்டு வெளியிட்டது. அந்த எண்களுள் ஒன்றுக்குரிய பெண்மணியை, அவர் தேடிய சொற்களை மட்டுமே கொண்டு, செய்தியாளர்கள் சில நாட்களில் கண்டுபிடித்து அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் கொண்டே அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண இயலும் என்று 1990-ஆம் ஆண்டுக் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து லட்டான்யா ஸ்வீனி என்ற கணினி ஆய்வாளர் கணித்தார். உங்கள் உறுப்பினரும் தம் பணிநேரம், ஊர், பிள்ளைகளின் வயது என்று வெவ்வேறு நாட்களில் எழுதியவற்றைக் கோத்துத்தான் கண்டறியப்பட்டிருப்பார் என்று ஊகிக்கிறேன். கைப்பேசியில் எடுத்த படங்களுக்குள் இடத்தின் ஆயத்தொலைவுகள் பதிந்திருக்கக்கூடும். பதிவேற்றும்போதே அவற்றை நீக்கும்படி உங்கள் தளத்தை அமைத்துவிடுங்கள்.

மாலைவெயில்:

எல்லாருக்கும் நன்றி. எட்டாம்நாள் அவர்களின் பதிலை உடன் நடத்தும் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். அட்டை கேட்கும் யோசனையை அதைச் சொன்னவரே கைவிட்டுவிட்டார். புதிதாகச் சேருவோரின் முதல் பத்துப் பதிவுகளை நாங்கள் பார்த்த பிறகே வெளியிடுவது, நுழைவுப் பதிவேட்டை 90 நாட்கள் வைத்திருப்பது, அப்படி வைத்திருக்கிறோம் என்பதைச் சேரும்போதே உறுப்பினருக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். நெய்தல் அவர்களே, நாங்கள் படியெடுக்கவில்லை. அது எங்கள் பிழைதான்.

வெளியேறிய உறுப்பினரின் புனைபெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ள முடியாதபடி பூட்டி வைத்துவிட்டு, அதை அவருக்கும் எழுதினேன். திரும்பினால் அந்தப் பெயரிலேயே வரலாம். வேறு பெயரில் வந்தாலும், நீங்கள் யார் என்று நாங்கள் கேட்க மாட்டோம் என்று சேர்த்து எழுதியிருக்கிறேன்.