வெங்காயம் போட்டால் ஊசி வேண்டாமாம்!

பெருவிடை:
இந்த மன்றத்தில் பக்கத்துத் திரியில் ஒரு மேதை எழுதியிருக்கிறார்: "கோழிக்குத் தினமும் சின்ன வெங்காயம் அரிந்து போடுங்கள், வெள்ளைக் கழிச்சல் வாசல் பக்கமே வராது. தடுப்பூசி எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட், வைரஸ் நோய். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறக்கை தொங்கும், கழுத்து திருகிக்கொள்ளும். வந்த பிறகு மருந்து கிடையாது, பஞ்சாரமே காலி. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, நான்காவது வாரம் லசோட்டா என்கிற தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் ஆர்2பி என்கிற தடுப்பூசி. இதைத் தவிர வேறு வழி இல்லை. கால்நடைத் துறை முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறது. அப்புறம் இன்னொன்று, வெங்காயத்தை அள்ளிப் போட்டால் கோழிக்கு ரத்தச் சிவப்பணு உடைந்து சோகை பிடிக்கும். அதையும் அந்த மேதை தெரிந்துகொள்ளட்டும்.

கரிசல்காரன்:
அந்த மேதை நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், பயம் வேண்டாம். வெங்காயம் விஷமாம், எல்லாரும் கேட்டுக்கோங்க! எங்கள் அப்பத்தா காலத்திலிருந்து கோழிக்கு வெங்காயம் போடுகிற வீடு எங்கள் வீடு. ஒரு கோழிக்கும் சோகை வந்ததில்லை.

பெருவிடை:
விஷம் என்று எங்கே எழுதினேன் தம்பி? "அள்ளிப் போட்டால்" என்று எழுதியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பப் படியுங்கள்.

மதுரை மருமகள்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் கோழி ஒன்று இரண்டு நாளாக வெள்ளையாகக் கழிகிறது. இரை எடுக்கிறது, நன்றாகத்தான் திரிகிறது. ஆனால் இட்ட முட்டையை அதுவே கொத்திக் குடித்துவிடுகிறது. இது நீங்கள் சொல்கிற கழிச்சல்தானா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நல்ல கேள்வி அம்மா. கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தில் இருக்கும் வெள்ளை யூரிக் அமிலம், அது எப்போதும் இருப்பதுதான். வெள்ளையாகக் கழிந்தாலே ராணிக்கெட் ஆகாது. பாக்டீரியாவால் குஞ்சுக்கு வருகிற வெள்ளைக் கழிச்சல் வேறு, காக்சிடியா என்கிற ஒட்டுண்ணியால் வருகிற ரத்தக் கழிச்சல் வேறு, குடல்புழுவாகவும் இருக்கலாம். கழிச்சல் என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு அப்புறம் வாதாடினால்...

கரிசல்காரன்:
சார், பாடம் அப்புறம் நடத்துங்க. வெங்காயம் விஷமா இல்லையா, அதற்கு மட்டும் பதில் வேண்டும்.

மாடிக்கோழி:
வெளிநாட்டு இணையதளங்களில் கோழிக்குக் கொடுக்கக்கூடாத பட்டியலில் வெங்காயம் இருக்கிறது. நானும் பார்த்தேன்.

கரிசல்காரன்:
வெள்ளைக்காரன் சொன்னால் வேதம்! மாடியில் நாலு கோழி வைத்துக்கொண்டு கம்மங்காட்டில் மேய்கிற கோழிக்கு வைத்தியம் சொல்ல வந்துவிட்டார்கள். வெங்காயத்தோடு பூண்டு, சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுக்கச் சொல்லி நம்ம ஊர் கால்நடை டாக்டர்களே சொல்கிறார்கள். அவர்களும் விஷம் வைக்கிறார்களா?

பெருவிடை:
மூலிகை உருண்டை எனக்கும் தெரியும். நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் ஊசிக்குப் பதிலாக அதைக் கொடு என்று எந்த டாக்டர் சொன்னார்? அந்த வரியைக் காட்டுங்கள்.

கரிசல்காரன்:
பாருங்க, நானே கொடுத்திருக்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டார்! விஷத்தைத் தன் கோழிக்கே கொடுத்திருக்கிறார்.

பெருவிடை:
கடவுளே.

கரிசல்காரன்:
கடவுளை அப்புறம் கூப்பிடலாம். எங்கள் தெருவில் போன மாசி மாதம் முகாமில் ஊசி போட்டார்கள். போட்ட வீட்டுக் கோழிதான் ஒரே வாரத்தில் சாய்ந்தது. என் கோழிக்குப் போடவில்லை, இன்றைக்கும் கூவுகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள் அண்ணாச்சி?

பெருவிடை:
சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஊசி போட்டதும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது, ஒன்றிரண்டு வாரம் ஆகும். உடம்பில் ஏற்கெனவே நோய் ஏறிய கோழிக்குப் போட்டால் அது சாகத்தான் செய்யும், பழி ஊசி மேல் விழும். அடுத்தது குளிர்ச்சி. அது உயிருள்ள வைரஸ் மருந்து, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் இல்லாமல் சட்டைப் பையில் வைத்து வெயிலில் அலைந்தால் அது வெறும் தண்ணீர். லசோட்டாவைக் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் கலந்தாலும் அதே கதி, கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் பால் பவுடர் போட்டுக் கலக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குஞ்சுக்கு ஆர்2பி போட்டால் அந்த மருந்தே குஞ்சைப் படுக்க வைத்துவிடும். சரி, குடற்புழு நீக்கினார்களா? ஊசிக்கு ஒரு வாரம் முன்பு நீக்கியிருக்க வேண்டும். இதில் ஒன்றையாவது உங்கள் தெருவில் யாராவது கேட்டார்களா? உங்கள் கோழி பிழைத்தது வெங்காயத்தால் என்பதற்கு என்ன ஆதாரம்? பக்கத்து வீட்டுக் கோழியோடு சேராமல் காட்டில் மேய்ந்ததால்கூட இருக்கலாமே.

கரிசல்காரன்:
இவ்வளவு நீளம் எழுதியும் வெங்காயம் விஷம் என்று சொன்னதைத் திரும்பப் பெறவில்லை பாருங்கள்.

சேவல்பிரியன்:
பெருவிடை அண்ணன் மருந்துக்குக் குளிர்ச்சி பற்றிப் பேசுவது இருக்கட்டும். போன வருடம் சுத்தமான பெருவிடை இன நாட்டுக்கோழி என்று சொல்லி எனக்கு ஒரு ஜோடிக் குஞ்சு கொடுத்தாரே, வளர்ந்து பார்த்தால் கிரிராஜா என்கிற கலப்பினக் கோழி மாதிரி நிற்கிறது. கொண்டையைப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லும். அதையும் கொஞ்சம் விளக்கினால் தேவலை.

பெருவிடை:
அந்தக் குஞ்சுக்கு நீங்கள் என்ன தீனி போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பிராய்லர் தீவனத்தைக் கொட்டி வளர்த்தால் பெருவிடையும் பூசணிக்காய் மாதிரிதான் ஊதும். கொண்டை பற்றிப் பேச உங்களுக்குத் தகுதி இல்லை.

சேவல்பிரியன்:
தீனி போட்டால் கொண்டை ஒற்றையாக நிமிர்ந்து வளருமா? அசல் பெருவிடைக்குத் தலையோடு படிந்த மத்திக் கொண்டையா, நிமிர்ந்த ஒற்றைக் கொண்டையா, அதை முதலில் சொல்லுங்க.

மதுரை மருமகள்:
முட்டை குடிப்பதற்காவது யாராவது வழி சொல்லுங்களேன்.

மாடிக்கோழி:
அக்கா, கிளிஞ்சல் உடைத்துத் தனிச் சட்டியில் வையுங்கள், சுண்ணாம்புச் சத்து குறைந்து ஓடு மெலிந்தால்தான் பெரும்பாலும் உடைகிறது. ஒருமுறை ருசி கண்டுவிட்டால் விடாது. முட்டையிடும் இடத்தை இருட்டாக்கி, நிறைய வைக்கோல் போட்டு, இட்டதும் எடுத்துவிடுங்கள்.

பெருவிடை:
அதெல்லாம் வீண் வேலை. மூக்கு நுனியைக் காய்ச்சிய கரண்டியில் லேசாகச் சுட்டுவிட்டால் மறுநாளே நிற்கும். எங்கள் ஊரில் அப்படித்தான்.

மாடிக்கோழி:
வாயில்லா ஜீவனைச் சூடு வைக்கிறவர் விஞ்ஞானம் பேசுகிறார்! அப்பத்தா சொன்னால் மூட நம்பிக்கை, நீங்கள் சொன்னால் அனுபவமா?

கரிசல்காரன்:
அப்படிக் கேளுங்கம்மா! உங்களை மாடிக்கோழி என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

மாடிக்கோழி:
என் பெயரே மாடிக்கோழிதான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அந்தக் கோழிக்கு வெள்ளையோடு பச்சையும் கலந்திருக்கிறதா என்று மட்டும் அந்த அம்மா சொன்னால் போதும். சந்தேகமாக இருந்தால் இன்றே தனியாக அடைத்துவிட்டு...

பெருவிடை:
வாத்தியாரய்யா, உங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் இங்கே பிரச்சினை வெங்காயம். இவர் எழுதியதை நம்பி ஊசி போடாமல் விட்டவன் கோழி சாகும்போது இவரா வந்து நஷ்டஈடு கொடுப்பார்? தம்பிக்கு அது புரியவில்லை.

கரிசல்காரன்:
யாரைத் தம்பி என்கிறீர்கள்? எனக்குப் பேத்தி இருக்கிறாள். நஷ்டஈடு பற்றிப் பேசுகிறவர் அந்தச் சேவல்காரருக்கு முதலில் கொடுங்கள். அப்புறம் வெங்காயத்துக்கு வரலாம்.

சேவல்பிரியன்:
ஆமாம், அந்த ஜோடிக்கு நான் கொடுத்த 1,800 ரூபாய். பாதி கொடுத்தாலும் போதும் அண்ணே.

பெருவிடை:
கலப்புக் கோழி என்று நிரூபித்துவிட்டு வந்து கேளுங்கள். கொண்டையைப் படம் எடுத்துப் போடுங்கள், பக்கவாட்டில். வெளிச்சத்தில்.