டென்ட்ரைட்டிலேயே புரதம் உருவாகிறதா? பியூரோமைசின் சோதனை

கேள்வி (வெள்ளவத்தை): எலி ஹிப்போகாம்பஸ் (மூளையின் நினைவுப் பகுதி) நரம்புக்கலங்களுக்குப் பியூரோமைசின் (உருவாகிக்கொண்டிருக்கும் புரதத்தில் ஒட்டும் மருந்து) 30 நிமிடம் கொடுத்து, அதைக் காட்டும் ஒளிரும் அன்டிபொடி போட்டால் டென்ட்ரைட் (நரம்புக்கலத்தின் கிளை) முழுக்க ஒளிருது. அங்கேயே உருவான புரதமா?

பதில் (பொரளை): 30 நிமிடம் கூடிப்போச்சு. பியூரோமைசின் ஒட்டிய புரதத் துண்டு, புரதத்தை உருவாக்கும் ரைபோசோமை விட்டுக் கழன்று நகர்ந்துவிடும். கலவுடலில் (கரு இருக்கும் பகுதி) உருவானதும் டென்ட்ரைட்டில் தெரியலாம். 5 நிமிடத்தோடு நிறுத்தி, கழுவி, உடனே ஃபிக்ஸ் பண்ணுங்கோ (இரசாயனத்தால் அப்படியே நிலைக்கவைக்க வேணும்). முன்கூட்டியே 40 மைக்ரோமோலார் அனிசோமைசின் (புரத உருவாக்கத்தைத் தடுக்கும் மருந்து) போட்ட கவர்ஸ்லிப் (கலங்கள் வளரும் கண்ணாடித் தகடு) ஒன்று கட்டாயம் வேணும். அதுவும் அதே அளவு ஒளிர்ந்தால் அன்டிபொடி கண்டதிலும் ஒட்டுது.

பதில் (தெஹிவளை): நேரத்தைக் குறைத்தாலும் ஐயம் தீராது. 1996இல் காங், ஷூமன் இருவரும் எலி மூளைச் சீவலில் கலவுடல்களை வெட்டிப் பிரித்த பிறகும் பிடிஎன்எஃப் என்ற நரம்பு வளர்ச்சிப் புரதம் சினாப்ஸை (நரம்புக்கலங்களின் இணைப்பை) வலுப்படுத்தியது. அனிசோமைசின் அதைத் தடுத்தது. அப்படித் துண்டித்துக் காட்டுவதே வலுவான சான்று. கல்ச்சர் (தட்டில் வளர்த்த கலங்கள்) என்றால் 3 மைக்ரோன் துளை மெம்பிரேனில் வளர்த்து, கிளைகள் மட்டும் துளை வழியே இறங்கும் கீழ்ப்பக்கத்தை மட்டும் சுரண்டி எடுங்கோ. அதில் ஹிஸ்டோன் (கருவில் இருக்கும் புரதம்) தெரிந்தால் கலவுடலும் கலந்திட்டுது.