குழித்தறியில் உட்காரும் விதமும் இடுப்பு வலியும்: எதை முதலில் மாற்றுவது?

தாராசுரம்_தறி:
வணக்கம். வீட்டில் இரண்டு குழித்தறி (குழிக்குள் காலை விட்டு மிதிக்கும் கைத்தறி), இரண்டும் பட்டு, டிசைனுக்காக இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு கருவி போட்டவை. மேலண்டைத் தறியில் உட்கார்ந்தால் மட்டும் இடுப்பு பிடிக்கிறது. எழுந்ததும் நிமிர முடியவில்லை, வலப்பக்கப் பிட்டத்தில் ஒரு இழுப்பு. அதே ஆள் அடுத்த தறியில் உட்கார்ந்தால் பாதிகூட வலிக்கவில்லை. அமைப்பில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். உட்காரும் பலகை 8 அங்குல அகலம், தரைமட்டம். ஐப்பசி மழையில் குழி ஊறியதால் அடியில் இரண்டு வரி செங்கல் பரப்பி, மிதியையும் அதற்கேற்ப ஏற்றிக் கட்டியிருக்கிறது. நெய்த துணியைச் சுற்றும் படமரம் வயிற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. பெல்ட் போட்டால் போதுமா, தறியைப் பிரிக்க வேண்டுமா?

தறி_ஆசாரி:
செங்கல்தான் தம்பி காரணம். இரண்டு வரி என்றால் 6 அங்குலம். குழி அவ்வளவு மேடானால் முட்டி இடுப்பைவிட மேலே வந்துவிடும். முட்டி ஏறினால் இடுப்புக்கூடு பின்பக்கம் சாயும், முதுகு கூன் போடும். அதன்பிறகு எவ்வளவு நிமிர்ந்து உட்காரச் சொன்னாலும் அந்த ஆளால் முடியாது.

பலகையை 6 அங்குலம் தூக்கிவிடலாம் என்று மட்டும் போகாதீர்கள். படமரம் தாழ்ந்துபோய், அதற்குக் குனிய வேண்டியிருக்கும். செங்கல்லை எடுங்கள். பக்கவாட்டில் கசியும் ஈரம் என்றால் நீர்க்காப்புக் கலவை சேர்த்த சிமென்ட் பூசி, குழி வாயைச் சுற்றி 3 அங்குல வரப்பு கட்டினால் நிற்கும். வாய்க்கால் ஓரத்து வீடு, ஊற்றே ஏறுகிறது என்றால் பூச்சு தாங்காது. அங்கே பலகை, படமரம், மிதி எல்லாவற்றையும் ஒரே அளவு உயர்த்தி மேடைத்தறியாக்குவதுதான் வழி.

மிதிக்கு அளவு நெய்கிறவரின் காலில்தான் இருக்கிறது. மிதி மேலே நிற்கும்போதும் முட்டி இடுப்பைத் தாண்டக் கூடாது. அமுங்கும்போது குதிகால் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பக்கப் பிட்டம் தூக்கும்.

8 அங்குலப் பலகை போதாது, 12 போடுங்கள். பின்னால் கட்டை கொடுத்து முன்விளிம்பு 2 அங்குலம் தாழும்படி சாய்த்து, அந்த விளிம்பை உருட்டி இழையுங்கள். மேலே மடித்த ஜமுக்காளம் போதும். மெத்தென்ற நுரை அமுங்கி, கொடுத்த சாய்வையே தின்றுவிடும்.

படமரம் ஒரு சாண் தள்ளி இருப்பது அதிகம். பலகையை முன்னால் நகர்த்தி நாலு விரல் இடைவெளிக்குக் கொண்டுவாருங்கள். தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்கினால் துணியின் மட்டமும் முழங்கை மட்டமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

இயன்முறை_குடந்தை:
ஆசாரி ஐயா சொன்னது முழுக்கச் சரி. உள்ளே நடப்பதையும் சொல்கிறேன். முதுகெலும்புக் கணுக்களுக்கு இடையே உள்ள வட்டின் முன்பக்கம் குனியும்போது நசுங்குகிறது, பின்பக்க நாரும் எலும்புகளைப் பிணைக்கும் நாண்களும் இழுபடுகின்றன. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒருவருடைய வட்டுக்குள்ளேயே கருவி வைத்து அழுத்தத்தை அளந்தார்கள்: நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், உட்கார்ந்து முழுக்கக் குனிந்தால் 0.83. சாதாரணமாக உட்கார்ந்தபோது நிற்பதைவிட அதிகமாகவில்லை. ஆக உட்காருவதைவிட, உட்கார்ந்து குனிவதுதான் சுமை.

அடுத்தது நேரம். கூன் போட்டபடி 20 நிமிஷம் இருந்தாலே அந்த நாண்கள் நெகிழ்ந்துவிடும். எழுந்து 2 நிமிஷத்தில் பாதிதான் பழைய இறுக்கத்துக்குத் திரும்பும். தறியிலிருந்து எழுந்த கையோடு தண்ணீர்க் குடத்தையோ பாவு (நீளவாட்டு நூல்) சுற்றிய உருளையையோ தூக்கும்போது 'சடக்' என்று பிடிப்பது இதனால்தான். முதலில் நின்று, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி ஐந்து தடவை பின்னால் வளையுங்கள், நாலு எட்டு நடங்கள், பிறகு தூக்குங்கள். அப்படி வளையும்போது வலி காலில் இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை எழுவது நல்லது. இரவு முழுக்கப் படுத்திருந்ததில் வட்டு நீர் ஏறி உப்பியிருக்கும், அதனால் விடிந்ததும் தறியில் இறங்காமல் முதல் ஒரு மணி நேரம் நடமாட்ட வேலை பாருங்கள்.

பெல்ட் ஓரிரு நாள் வலி தாங்க உதவும், குழியின் ஆழத்தை அது மாற்றாது. முழு ஓய்வு என்று நாள்கணக்கில் படுத்துக் கிடப்பதும் வேண்டாம். வலி முட்டிக்குக் கீழே இறங்கினாலோ கால் மரத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அதில் காத்திருக்கவே கூடாது.

தாராசுரம்_தறி:
செங்கல்லை எடுத்துவிடுகிறோம். ஜக்கார்டு மிதி எப்போதும் வலது காலில்தான் வருகிறது, அதற்கு ஏதாவது செய்யலாமா?

திருபுவனம்_பட்டு:
வலப் பிட்டத்து இழுப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். மேலே கயிறு ஓடும் கப்பிகளைப் பாருங்கள். எண்ணெய் காய்ந்து துரு ஏறியிருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் உடம்பையே ஒரு பக்கம் சாய்த்து அழுத்த வேண்டிவரும். கயிறு பலகை ஓரத்தில் உரசுகிறதா என்றும் பாருங்கள். வலது பாதம் நேர்கீழாக இறங்கும்படி பலகையை இரண்டு விரல் நகர்த்தினாலே சாய்வு குறையும். கனமான டிசைன் என்றால் மோட்டார் வைத்து ஜக்கார்டைத் தூக்கும் அமைப்பு இருக்கிறது. தறி மேம்பாட்டுக்கான ஒன்றிய அரசு மானியத்தில் கிடைக்குமா என்று உங்கள் சங்கத்தில் கேளுங்கள்.

தார்ப்பெட்டி (ஊடை நூல் சுற்றிய தார்களை வைக்கும் பெட்டி) பின்னால் இருந்தால் முன்பக்கம் கொண்டுவாருங்கள், இடுப்பைத் திருகாமல் கை எட்ட வேண்டும். விளக்கு முதுகுக்குப் பின்னால் எரிந்தால் நம் நிழலே துணியில் விழும். அறுந்த இழையைத் தேடித் தலை தானாகக் கவிழும். ஊடை நூலை அடித்து நெருக்கும் அச்சுப்பலகைக்கு நேர் மேலே ஓர் எல்இடி குழல் விளக்கு மாட்டுங்கள்.