புதுப்பிப்பு: முழு விசையில் எரிபொருள் அழுத்தம் சரிந்தது, காரணம் கிடைத்துவிட்டது

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. என்னுடையது பாகங்களை வாங்கி நாமே பூட்டும் கிட் விமானம், எஞ்சின் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ். தரையில் முழு விசை கொடுத்தால் சில நிமிடத்தில் எரிபொருள் அழுத்தம் இறங்குகிறது என்று கேட்டிருந்தேன்.

"மூக்கை ஏறும் கோணத்துக்கு உயர்த்தி, கார்புரேட்டருக்கு எரிபொருள் போகும் குழாயைக் கழற்றி, எலக்ட்ரிக் பம்பைப் போட்டு எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. இந்த எஞ்சின் டேக்-ஆஃபில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். பம்ப் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 125 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு சுமார் 560 மில்லி வரவேண்டும். டேங்க் மூடியைத் திறந்தால் 700. மூடினால் மெல்ல மெல்ல 400க்கு இறங்கியது. ஆக, பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. எரிபொருள் குறையக் குறைய டேங்குக்குள் காற்றை விடும் காற்றுக்குழாயில்தான் அடைப்பு: உள்ளே விரல் நுனி அளவுக்குக் குளவியின் மண்கூடு! சுரண்டி எடுத்தபின் மூடியோடு 690.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் பக்கம் நிறுத்துபவர்கள், காற்றுக்குழாய் வாய்க்குச் சிவப்பு நாடா கட்டிய மூடி போடுங்கள். பறக்கும் முன் கழற்ற மறக்காதீர்கள்.

புதிதாகக் கட்டிய விமானத்துக்குச் சிலர் சொன்ன 40 மணி நேரச் சோதனைப் பறப்பு, அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்ஏஏ கணக்கு. இங்கே மலேசிய விமானத்துறை ஆணையமான சிஏஏஎம் தரும் அனுமதியில் எழுதியிருப்பதுதான் செல்லும்.